கிழக்கே திருப்பிய குழாய்

ஜூன் 3, புதன்

உரக்கடையில் கொடுத்த டைரி இது. வழக்கமாக இதில் புக்கிங் மட்டும்தான் எழுதுவேன். எந்த ஊர், என்ன விசேஷம், எத்தனை குழாய் ஸ்பீக்கர், எத்தனை பாக்ஸ். இந்த வருஷம் கொரோனா வந்த நாளிலிருந்து பக்கத்துக்குப் பக்கம் அடித்தல்தான். இன்றைக்குக்கூட ஒரு காதுகுத்து இருந்தது. ரத்து. பக்கம் சும்மா போகிறதே என்று எழுத உட்கார்ந்தேன்.

எழுதிப் பழக்கமில்லை. மைக்கில் பேசுகிற மாதிரி எழுதினால் வருகிறது. வணக்கம். இது வேலாங்கண்மாய் சோலைமலை மைக்செட். கல்யாணமோ கருமாதியோ, முப்பது வருஷமாக இந்த வட்டாரத்தில் என் குரல் இல்லாமல் எதுவும் நடந்ததில்லை. நான் ‘ஹலோ’ என்று ஒரு தடவை சொன்னால் கண்மாய்க்கு அக்கரையில் மாடு மேய்க்கிறவன் திரும்பிப் பார்ப்பான். இரண்டு மாதமாக அந்தக் குரல் வீட்டுக்குள் குழம்பு கேட்பதற்கு மட்டும் பயன்படுகிறது.

என் வீட்டுக்காரி பஞ்சவர்ணம் ரேஷனுக்குப் போய்விட்டு வந்தாள். ரேஷன் கடையை இப்போதெல்லாம் வாரத்தில் மூன்று நாலு நாள் திறக்கிறார்கள் போலிருக்கிறது. போகும்போது முருங்கைக்கீரையைக் கட்டாகக் கட்டி எடுத்துப் போகிறாள். வரும்போது கை வெறுமையாக வருகிறது. நான் ஒன்றும் கேட்பதில்லை.

ஜூன் 15, திங்கள்

பள்ளிக்கூடத்து ஜெயசீலி டீச்சர் ஸ்கூட்டியில் மானாமதுரையிலிருந்து வந்தார். முகக்கவசத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பேசினார்.

“ஐயா, பள்ளிக்கூடம் எப்பத் தெறப்பாங்கன்னு யாருக்கும் தெரியல. டச் போன் இருக்கற வீடு நாலஞ்சுதான். மத்த பிள்ளைங்க படிச்சதெல்லாம் மறந்துட்டு நிக்கிதுங்க. இங்கிலீஷ்ல ‘கேட்’னா பூனைன்னு சொல்ற பிள்ள, இப்பக் கேட்டா முழிக்குது.”

“அதுக்கு நான் என்ன டீச்சர் பண்ண முடியும்?”

“உங்க செட்ட வாட்டர் டேங்க் மேல கட்டுங்க. தெனம் காலையில ஒம்பது மணிக்கு அரை மணி நேரம். எளிய வார்த்தையாப் பத்து. அதுக்குத் தமிழ்ல அர்த்தம். பிள்ளைங்க அவங்கவங்க வாசல்ல உக்காந்து கேட்டுத் திருப்பிச் சொல்லட்டும். பிரசிடென்ட்கிட்ட அனுமதி வாங்கிட்டேன்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உள்ளே அடுக்கியிருந்த பெட்டிகளை அவர் எட்டிப் பார்த்தார். எல்லாப் பெட்டியிலும் சிவப்புப் பெயின்டில் ‘செல்வமீனா சவுண்ட் சர்வீஸ்’ என்று எழுதியிருக்கும்.

“செல்வமீனா யாருங்கய்யா?”

“அது பழைய பேரு” என்றேன். “மாத்தணும். பெயின்டர் கெடைக்கல.”

பஞ்சவர்ணம் அடுப்படியில் தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

ஜூன் 17, புதன்

சம்மதித்துவிட்டேன். செட் சும்மா கிடந்தால் எலி கடித்துவிடும்.

டேங்க் மேல் ஏறி மூன்று குழாய் கட்டினேன். மேற்கே ஒன்று, வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. இறங்கி வந்ததும் டீச்சர் அண்ணாந்து பார்த்துவிட்டு, “கெழக்க?” என்று கேட்டார்.

கிழக்கே வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கிழக்குத் தெரு. அவர்கள் தெரு வேறு, நம் தெரு வேறு என்று இருக்கிற ஊர் இது. திருவிழாவுக்குக்கூட அந்தப் பக்கம் குழாய் திரும்பியதில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கட்டுகிறவன் நான்தான், நானும் கேட்டதில்லை.

“என் பிள்ளைங்கள்ல பாதி அந்தத் தெருவுலதான் இருக்கு” என்றார் டீச்சர்.

மறுபடி ஏறி நாலாவதைக் கட்டினேன். டீச்சர் சொன்னதால் கட்டினேன். கிழக்குத் தெருவில் எனக்கு வேண்டியவர்கள் யாரும் இல்லை. இருக்கிறதிலேயே தெளிவாகப் பேசுகிற குழாய் அந்தப் பக்கம் போய்விட்டது. கைக்கு வந்ததைக் கட்டினேன், அவ்வளவுதான்.

ஜூன் 18, வியாழன்

முதல் நாள். டேங்குக்குக் கீழே இருக்கிற மோட்டார் ரூமில் ஆம்ப்ளிஃபையரை வைத்தேன். டீச்சர் போனில் சொல்லச் சொல்ல, போனை மைக்குப் பக்கத்தில் பிடிப்பதாக ஏற்பாடு. பிடித்தேன். டீச்சர் குரல் தகர டப்பாவில் கல் போட்ட மாதிரி வந்தது. ‘ஆன்ட்’ என்றாரா ‘ஆன்ட்டி’ என்றாரா, எனக்கே தெரியவில்லை.

“ஐயா, நீங்களே சொல்லிருங்க” என்றார்.

“நான் எட்டாங்கிளாஸ்தான் படிச்சிருக்கேன் டீச்சர்.”

“வார்த்தைய நான் முன்னாடியே போன்ல சொல்லித் தர்றேன். அதத் தமிழ்ல எழுதி வச்சுக்கங்க. உங்க கொரலுக்குப் பிள்ளைங்க ஓடி வந்துரும்.”

அது உண்மைதான். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன். “ஆன்ட். எறும்பு. பேக். பை. கப். கோப்பை.” ஒவ்வொன்றாகச் சொல்லி நிறுத்தினேன். முதலில் ஒன்றும் இல்லை. ‘டாக், நாய்’ என்றபோது வடக்குத் தெருவிலிருந்து நாலைந்து பிள்ளைகள் திருப்பிக் கத்தின. ‘எக், முட்டை’க்குத் தெற்கும் மேற்கும் சேர்ந்துகொண்டன. கடைசி வார்த்தைக்கு வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்தும் வந்தது. அதில் ஒரு குரல் மற்றவர்களுக்கு முன்னால் முந்திக்கொண்டு வந்தது. பெண் குழந்தைக் குரல். கணீர் என்று.

அடிவயிற்றிலிருந்து வருகிற குரல் அது. எல்லோருக்கும் வாய்க்காது.

ஜூன் 20, சனி

ஹென், பெட்டைக்கோழி. காக், சேவல். காற்று கிழக்கிலிருந்து நம் பக்கம் நல்லபடியாக அடித்தது.

ஜூன் 24, புதன்

இன்றைக்கு வீட்டுச் சாமான்கள். ஸ்பூன், பிளேட், பாட் எல்லாம் நன்றாகவே போயின. “க்நைஃப், கத்தி” என்றேன். டீச்சர் அவசரத்தில் எழுத்துகளை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். முதல் எழுத்து கே. எழுதியிருப்பதைத்தானே படிக்க முடியும்?

முடித்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. அந்த எண்ணை என் போனில் பதிந்து வைக்கவில்லை. பதியாமலே தெரியும்.

எடுத்தேன். காதில் வைத்தேன்.

“கே-யச் சொல்லக் கூடாது” என்றது அந்தப் பக்கம். “நைஃப். கே பேசாது.”

பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல், “தாத்தா தப்பாச் சொல்லிட்டாராம்மா?” என்று கேட்டது. போன் நின்றுவிட்டது.

இதை எழுதுவதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதிவிடுகிறேன். பேசியது செல்வமீனா. நான் பெற்ற ஒரே பிள்ளை. சிவகங்கைக் கல்லூரியில் பி.ஏ. இங்கிலீஷ் படித்தாள். படிப்பு முடிந்த வருஷம் கிழக்குத் தெரு சத்தியசீலனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். எட்டு வருஷம் ஆகிறது. இங்கிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம். இரண்டு பேரும் கூப்பிட்டதில்லை.

பஞ்சவர்ணம் கேட்டாள். “போன்ல யாரு?”

“ராங் நம்பர்.”

“ராங் நம்பர் என்ன சொல்லுச்சு?”

“கே பேசாதாம்.”

அவள் அடுப்படிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஜூன் 25, வியாழன்

முப்பது வருஷத்தில் மைக்கில் சொன்னதை நான் திரும்ப வாங்கியதில்லை. மாப்பிள்ளை பெயரை மாற்றிச் சொன்னபோதுகூட வாங்கவில்லை. இன்றைக்கு வாங்கினேன். “பிள்ளைகளே, நேத்து நான் கத்திக்குச் சொன்னது தப்பு. நைஃப். கே பேசாது.”

டீக்கடையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். தப்பைத் திருத்திச் சொன்ன மைக்செட்காரன் இந்தத் தாலுகாவில் நான் ஒருவன்தான்.

இருந்தும் பேசாமல் இருக்கிற எழுத்து எதற்கு என்று டீச்சரைக் கேட்டேன். ஒரு காலத்தில் பேசிக்கொண்டிருந்ததாம், பிறகு நின்றுவிட்டதாம்.

ஜூலை 1, புதன்

கிழமைகள் சொல்லிக்கொடுக்கிற நாள். ‘வென்ஸ்டே’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று டீச்சர் இரண்டு தடவை சொல்லியிருந்தார். எப்படியோ வாய் தவறி ‘வெட்னஸ்டே’ என்று வந்துவிட்டது.

போன் வந்தது. “டி பேசாது. வென்ஸ்டே.” வைத்துவிட்டாள்.

ஜூலை 6, திங்கள்

ஐலேண்ட், தீவு. வாய் தவறி ‘இஸ்லாண்ட்’ என்றேன். போன் வந்தது. இந்தத் தடவை, “மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போடுறீகளா?” என்றும் கேட்டாள். ‘ம்’ என்றேன்.

ஜூலை 8, புதன்

குடும்பத்து வார்த்தைகள். ஃபாதர், மதர், பிரதர், சிஸ்டர். கடைசியாக கிராண்ட்ஃபாதர். “தாத்தா” என்று சொல்லி நிறுத்தினேன். நாலு பக்கமும் கத்தினார்கள். கிழக்கிலிருந்து அந்தக் கணீர்க் குரல் மட்டும், எல்லோரும் முடித்த பிறகு இன்னொரு தடவை தனியாகச் சொன்னது.

ஆம்ப்ளிஃபையர் சூடாகிவிட்டது. இரண்டு நிமிஷம் அணைத்துவைக்க வேண்டியிருந்தது.

ஜூலை 13, திங்கள்

பஞ்சவர்ணம் காலையில் டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டாள். “இன்னைக்கு எந்த வார்த்தையத் தப்பாச் சொல்லப்போறீக?”

“நான் எதுக்குடி தப்பாச் சொல்லப்போறேன்?”

“அதான் நானும் கேக்குறேன்.”

‘அம்ப்ரெல்லா’வை ‘உம்பரல்லா’ என்றேன். ஒன்பதரை ஆயிற்று. பத்து ஆயிற்று. போன் வரவில்லை. மத்தியானம் சாப்பிடும்போது வந்தது.

“அப்பா” என்றாள். எட்டு வருஷத்துக்குப் பிறகு. “வேணும்னே தப்பாச் சொல்றீகளா?”

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

“மகிழினி நீங்க சொல்றத அப்படியே புடிச்சுக்கிறா. நான் திருத்துனா, ‘தாத்தா மைக்குல சொன்னாரு’ன்னு சண்டைக்கு வர்றா. இந்தத் தெருவுல அம்புட்டுப் பிள்ளைகளும் உங்க கொரல நம்பிப் படிக்குதுக. தப்பாச் சொல்லாதீகப்பா. எங்கூடப் பேசணும்னா போன் பண்ணுங்க.”

வைத்துவிட்டாள். சோறு ஆறிப்போயிற்று. பேத்தியின் பெயர் மகிழினி. அதுவும் எனக்கு இன்றைக்குத்தான் தெரியும் என்று எழுத நினைத்தேன். அது உண்மையில்லை. பிறந்த அன்றைக்கே பஞ்சவர்ணம் எனக்குக் கேட்கும்படி அடுத்த வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 14, செவ்வாய்

அம்ப்ரெல்லா. குடை. இன்றைக்கு ஒரு தப்பும் இல்லை.

ஜூலை 20, திங்கள்

டீச்சருக்குக் காய்ச்சல். மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களாம், கொரோனாதான். அவர் வீட்டுக்காரர் போனில் சொன்னார். மூச்சு பரவாயில்லை, ஆனால் பேசக் கூடாது என்றிருக்கிறார்கள்.

ஜூலை 21, செவ்வாய்

பழைய வார்த்தைகளையே சொன்னேன். பிள்ளைகள் கத்தினார்கள். கத்தலில் உயிர் இல்லை. தெரிந்ததையே எத்தனை நாளைக்குத் திருப்பிச் சொல்வது?

ஜூலை 23, வியாழன்

மோட்டார் ரூமுக்குப் போகவில்லை. ஒன்பது மணிக்கு வடக்குத் தெருவில் பிள்ளைகள் வாசலில் சிலேட்டை வைத்துக்கொண்டு டேங்கை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, “மைக்கு மாமா, கரென்ட் இல்லையா?” என்று கேட்டாள். ஆமாம் என்று பொய் சொன்னேன்.

இந்த ஊரில் இங்கிலீஷைச் சரியாகச் சொல்லத் தெரிந்த ஆள் ஒருத்தி இருக்கிறாள்.

ஜூலை 25, சனி

போன் செய்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவள் எடுத்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

“மீனா.”

“சொல்லுங்கப்பா.”

“டீச்சருக்கு முடியல.”

“கேள்விப்பட்டேன்.”

“பிள்ளைகளுக்கு வார்த்த சொல்ல ஆள் இல்ல. நீ வந்து மைக்குல சொல்றியா?”

அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

“எங்க? மோட்டார் ரூமுக்கா? பகல்லயா? எல்லாரும் பாக்கவா?”

“ஒம்பது மணிக்கு.”

“நான் தனியா வர மாட்டேன். வந்தா அவரும் பிள்ளையும் கூட வருவாக.”

அவள் குரலில் கெஞ்சல் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. என் வீட்டுப் பிள்ளை அப்படித்தான் பேச வேண்டும்.

“வரட்டும்” என்றேன்.

ஜூலை 27, திங்கள்

ஊரில் எப்படியோ தெரிந்துவிட்டது. அம்பலம் பெரியண்ணன் ஆள் அனுப்பினார். ஊருக்குத் தலைமை அவர்தான். கோயில் முதல் மரியாதை அவருக்கு. எனக்கு அண்ணன் முறை. போனேன்.

“ஏப்பா சோலை, கெழக்க நீ கொழாய் கட்டுனப்பவே எனக்கு மனசில்ல. டீச்சரு, பிள்ளைக படிப்புன்னு பேசாம இருந்தேன். இப்ப யாரையோ கூட்டியாந்து ஊர் டேங்குல ஒக்கார வைக்கப்போறியாமே?”

“படிச்ச பிள்ளண்ணே. பிள்ளைகளுக்குச் சொல்லித் தரத்தான்.”

“படிச்சவ எங்க போனாளோ அங்கயே இருந்து சொல்லித் தரட்டும். இத மீறுனா அடுத்த வருசம் திருவிழாவுக்கு வெளியூர் செட்டுத்தான். யோசிச்சுக்க.”

திருவிழா என்றால் பத்து நாள். என் அப்பா காலத்தில் கைவண்டியில் கிராமபோன் கொண்டுபோனது முதல் எங்கள் வீட்டு செட்தான் அந்தக் கோயிலில் பாடியிருக்கிறது. அந்தப் பத்து நாளும் நான் வேட்டியை மடித்துக் கட்டாமல் பெரிய மனுஷனாக நடப்பேன்.

வீட்டுக்கு வந்து பஞ்சவர்ணத்திடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“என்ன செய்யப்போறீக?”

“நீ என்ன சொல்ற?”

“நான் எட்டு வருசமா ரேஷன் கடைக்குப் போயிக்கிட்டு இருக்கேன்” என்றாள். “எனக்குக் காலு வலிக்குது.”

ஜூலை 28, செவ்வாய்

மைக்கைப் பிரித்துத் துடைத்தேன். மோட்டார் ரூமைக் கூட்டிக் கழுவினேன். தேவையில்லாமல் சுவரில் ஒரு பூச்சு சுண்ணாம்பும் அடித்தேன். பஞ்சவர்ணம் முறுக்குச் சுட்டாள். இன்றைக்கு ஒரு விசேஷமும் இல்லை.

ஜூலை 29, புதன்

வந்தார்கள்.

எட்டே முக்காலுக்கே வாய்க்கால் பாலத்தில் மூன்று பேர் தெரிந்தார்கள். நடுவில் மகிழினி, இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு. மீனா கல்லூரிக்குப் போகும்போது நடக்கிற அதே வேகத்தில்தான் நடந்து வந்தாள். இரண்டு பக்கமும் வாசலில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்காமலும் இல்லை, யாருக்கும் தலை குனியவும் இல்லை. ‘நல்லா இருக்கீகளாத்தே’ என்று ஒருத்தியைக் கேட்டுக்கொண்டே வந்தாள். அந்த அத்தை கையிலிருந்த விளக்குமாற்றை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள்.

பஞ்சவர்ணம் பேத்தியைத் தூக்கிக்கொண்டாள். நான் என்ன செய்வது என்று தெரியாமல் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சத்தியசீலன் எலெக்ட்ரீஷியன். உள்ளே வந்ததும் ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் குனிந்து பார்த்தார்.

“இந்த ஜாயின்ட்ல டேப் போயிருச்சு மாமா. மழையில ஷாக் அடிக்கும். நான் சுத்தி விடவா?”

“சுத்துங்க” என்றேன். அவர் சுற்றுகிறதைப் பார்த்தேன். சுத்தமான வேலை. என்னால் அவ்வளவு சீராகச் சுற்ற முடியாது.

மகிழினி மைக்கை உற்றுப் பார்த்தாள். அவளுக்கு என் நெற்றி. “தாத்தா, இதுலதான் தப்புத் தப்பாச் சொன்னீகளா?” என்று கேட்டாள். சத்தியசீலன் சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னும் குனிந்தார். “ஆமா” என்றேன். “இனிமே உங்க அம்மா சொல்லுவா.”

ஒன்பது மணி. நான் மைக்கை எடுத்து, “வணக்கம் பிள்ளைகளே, ஜெயசீலி டீச்சர் சீக்கிரம் நல்லாகி வருவாங்க. அதுவரைக்கும்” என்று ஆரம்பித்தேன். வாசலில் நிழல் விழுந்தது. அம்பலம் பெரியண்ணன் நின்றிருந்தார். பின்னால் நாலைந்து பேர்.

அவர் மீனாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார். “யாருடா இவ? யாருன்னு இவள இங்க கொண்டாந்து ஒக்கார வச்சிருக்க?”

“பெரியப்பா” என்று மீனா எழுந்தாள். நான் கையைக் காட்டி உட்காரச் சொன்னேன்.

“என் மகள்ணே” என்றேன். “செல்வமீனா. பி.ஏ. இங்கிலீஷ். இந்த ஊருல மொதமொத இங்கிலீஷ் பட்டம் வாங்குன பிள்ள. அது என் பேத்தி. அவரு என் மருமகன். செட்டு என்னோடது. இதுல யாரு பேசணுங்கிறத நான்தான் சொல்லணும். திருவிழாவுக்கு நீங்க வேற செட்டு சொல்லிக்கங்க.”

என் குரல் நாலு பக்கமும் போய், கண்மாய்க் கரையில் மோதித் திரும்பி வந்தது. அப்போதுதான் பெரியண்ணன் என் கையைப் பார்த்தார். மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நான் மைக்கை மீனாவிடம் கொடுத்தேன். அவள் அதை வாய்க்குச் சரியான தூரத்தில் பிடித்துக்கொண்டாள்.

“குட்மார்னிங். இன்னைக்கு மொத வார்த்தை, பிரிட்ஜ். பாலம்.”

கிழக்கிலிருந்து வந்தது. வடக்கிலிருந்து வந்தது. பிறகு மேற்கே, பெரியண்ணன் வீட்டு வாசலிலிருந்தே அவருடைய மகன் வயிற்றுப் பேரன் தொண்டை கிழியக் கத்துவது கேட்டது. “பிரிட்ஜ்! பாலம்!”

பெரியண்ணன் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பத்து வார்த்தையையும் அவள் சொல்லி முடித்தாள். ஒவ்வொரு வார்த்தையையும் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்று தெரிந்து சொன்னாள். யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை அது. ரத்தத்தில் இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

திருவிழாவுக்கு வெளியூர் செட்டிடம் பேசி முடித்துவிட்டார்களாம். சொன்னவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். நல்ல செட்தான், குழாய் கொஞ்சம் கரகரக்கும் என்றேன். வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். இல்லை என்று எழுத மாட்டேன், வலிக்கத்தான் செய்தது.

சாயங்காலம் டீச்சர் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். குரல் ஈனமாக இருந்தது. திங்கட்கிழமைக்கு உரிய வார்த்தைகளை மீனாவே எடுத்துக்கொள்ளட்டும் என்றார். மீனாவுக்கு போன் செய்து சொன்னேன். எண்ணைப் பதிந்துகொண்டேன். பெயர் போடுகிற இடத்தில் ‘மீனா’ என்று பஞ்சவர்ணம்தான் தட்டிக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 3, திங்கள்

டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு நான் மைக்கை அணைக்க மறந்துவிட்டேன், அதனால்தான் வீட்டு விஷயமெல்லாம் ஊருக்குக் கேட்டுவிட்டது, வயசாகிவிட்டது பாவம் என்று பேசிக்கொண்டார்கள். எனக்காகப் பரிந்துதான் பேசினார்கள்.

முப்பது வருஷமாக மைக் பிடிக்கிற கை இது. மறக்கவில்லை.